ஈ.சி.ஆர். குழுவின் அடுத்த இலக்குகள்: ஐரோப்பிய நாடாளுமன்றம் பற்றிக் கேள்வி பதில்

பிரஸ்ஸல்ஸில் குடியேறிய நாளிலிருந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலையும் வாக்குப் பட்டியலையும் விடாமல் படித்து வருகிறேன். ஸ்ட்ராஸ்பூர் அமர்வு வாரத்துக்கு முன்பு ஒவ்வொரு குழுவும் (பல நாட்டுக் கட்சிகள் சேர்ந்த அணி) எந்த விவாதத்தில் என்ன வலியுறுத்தப் போகிறது என்று அறிக்கை வெளியிடும். இந்த 2026ஆம் ஆண்டில் பழமைவாதக் குழுவான ஈ.சி.ஆர். எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: மேடம், எங்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். இந்த ஈ.சி.ஆர். யார்?

ஐரோப்பியப் பழமைவாதிகள் மற்றும் சீர்திருத்தவாதிகள் குழு. 2009இல் பிறந்தது. பிரிட்டனின் டேவிட் கேமரன் தன் கன்சர்வேடிவ் கட்சியை மைய வலதுசாரி ஐரோப்பிய மக்கள் கட்சிக் குழுவிலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார். போலந்தின் சட்டமும் நீதியும் கட்சியும் (பிஸ் என்பார்கள்) செக் நாட்டின் ஓ.டி.எஸ். கட்சியும் அவரோடு சேர்ந்தன. 2020இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதும் தொடங்கிவைத்த பிரிட்டன் கட்சியே குழுவில் இல்லாமல் போனது. இப்போது பெரிய கட்சி இத்தாலியப் பிரதமர் ஜார்ஜியா மெலோனியுடையது, 24 இடங்கள். அடுத்தது பிஸ், 20 இடங்கள். 2024 தேர்தலுக்குப் பின் குழு அமைந்தபோது மொத்தம் 78 பேர். 720 பேர் கொண்ட அவையில் நான்காவது இடம். நிக்கோலா ப்ரோகாச்சினியும் பாட்ரிக் யாகியும் இணைத்தலைவர்கள்.

இவர்கள் ஒன்றியத்தை உடைக்க வேண்டும் என்பவர்கள் அல்ல. ஒன்றியம் இருக்கட்டும், ஆனால் பிரஸ்ஸல்ஸ் கையிலிருக்கும் அதிகாரத்தில் ஒரு பங்கு நாடுகளுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் இவர்கள் பேச்சின் அடிநாதம்.

லியோனிலிருந்து ஒரு வாசகி: 720இல் 78 என்றால் பத்தில் ஒரு பங்குதானே? இவர்களை ஏன் இவ்வளவு கூர்ந்து பார்க்க வேண்டும்?

நல்ல கேள்வி. கூட்டல் கணக்கில்தான் விடை இருக்கிறது.

2024இல் குழுக்கள் அமைந்தபோது ஐரோப்பிய மக்கள் கட்சிக்கு 188, சோஷலிஸ்டுகளுக்கு 136, தாராளவாத ரினியூ குழுவுக்கு 77. மூன்றும் சேர்ந்தால் 401. அதுதான் பழைய நடுவழிக் கூட்டணி. இன்னொரு விதமாகக் கூட்டிப் பாருங்கள். மக்கள் கட்சி 188, ஈ.சி.ஆர். 78, ஹங்கேரியின் ஓர்பான் கட்சியும் பிரான்ஸின் லெ பென் கட்சியும் இருக்கும் பேட்ரியட்ஸ் 84, தீவிர வலதுசாரிக் குழுவான ஈ.எஸ்.என். 25. மொத்தம் 375. பெரும்பான்மைக்கு வேண்டியது 361.

ஆக, மக்கள் கட்சிக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் வெனிசுவேலாவின் எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலஸை அந்நாட்டின் முறையான அதிபராக அங்கீகரிக்கும் தீர்மானத்தில் வலதுபக்கக் கதவு திறந்தது. அன்றிலிருந்து இந்தக் கூட்டுக்கு இங்கே ‘வெனிசுவேலா பெரும்பான்மை’ என்றே பெயர். முதலில் அது வெறும் தீர்மானம், சட்டம் அல்ல. 2025 நவம்பர் 13 அன்று ஒரு சட்டத்துக்கே அதே கூட்டு 382 வாக்குகளைத் திரட்டியது. அதைக் கீழே சொல்கிறேன்.

பேட்ரியட்ஸுடன் வெளிப்படையாகக் கைகோர்க்க மக்கள் கட்சி இன்னும் தயங்குகிறது. ஈ.சி.ஆருடன் அந்தத் தயக்கம் கிடையாது. அவையின் 14 துணைத்தலைவர்களில் இருவர் ஈ.சி.ஆர். வேளாண்மை, வரவு செலவு, மனுக்கள் ஆகிய மூன்று நிலைக்குழுக்களின் தலைமையும் 2024இல் இவர்களுக்குக் கிடைத்தது. பேட்ரியட்ஸ் எண்ணிக்கையில் பெரிய குழு, ஆனால் அவர்களுக்கு ஒரு தலைமைப் பதவிகூடக் கிடைக்கவில்லை. ஈ.சி.ஆரின் பலம் அவர்கள் தலை எண்ணிக்கையில் இல்லை, உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

டோர்ட்முண்டிலிருந்து: அக்கா, அகதிச் சட்டம் மாறப்போகுதாம், ‘பாதுகாப்பான நாடு’ எண்டொரு பட்டியலாம். இதில இவையளின்ர பங்கு என்ன? எங்கட சனத்துக்கு என்ன ஆகும்?

தம்பி, ஈ.சி.ஆரின் முதல் முன்னுரிமையே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் ஏற்ற குடியேற்றச் சட்டத் தொகுப்பு 2026 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு மேல் 2025இல் ஐரோப்பிய ஆணையம் (சட்டங்களை முன்மொழியும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) கொண்டுவந்த முன்மொழிவுகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, மார்ச்சில் வந்த திருப்பி அனுப்புதல் சட்டம். வெளியேற உத்தரவு பெற்றவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்தான் உண்மையில் திரும்புகிறார் என்பது ஆணையமே சொல்லும் கணக்கு. அதைக் காட்டித்தான், ஒன்றியத்துக்கு வெளியே வேறொரு நாட்டில் மையங்கள் அமைத்து ஆட்களை அங்கே அனுப்பலாம் என்கிறார்கள். இன்னொன்று, ஏப்ரலில் வந்த பாதுகாப்பான நாடுகளின் பட்டியல். கொசோவோ, வங்கதேசம், கொலம்பியா, எகிப்து, இந்தியா, மொரோக்கோ, துனீசியா ஆகியவை அதில் இருக்கின்றன.

இந்தப் பட்டியலுக்கு நாடாளுமன்றத்தில் அறிக்கையாளர், அதாவது சட்டத்தைக் கையில் எடுத்து நடத்திச் செல்பவர், மெலோனி கட்சியின் அலெஸ்ஸாண்ட்ரோ சிரியானி. பத்தில் ஒரு பங்கு உள்ள குழு பெரிய சட்டம் ஒன்றின் கடிவாளத்தைப் பிடிப்பது இப்படித்தான்.

இதில் இத்தாலிக்கு என்ன அவசரம் என்றால், மெலோனி அரசு அல்பேனியாவில் மையங்கள் கட்டியது. அங்கே கொண்டுபோனவர்களை அடைத்துவைக்க இத்தாலிய நீதிமன்றங்களே மறுத்தன. வழக்கு லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குத் தொடுத்தவர்கள் வங்கதேசத்து ஆட்கள் இருவர். ஒரு நாட்டை அரசு ‘பாதுகாப்பானது’ என்று சொன்னால் அந்தக் கூற்றை நீதிபதி சரிபார்க்கலாம், அதற்கான ஆதாரங்கள் விண்ணப்பதாரர் பார்வைக்கும் கிடைக்க வேண்டும், அங்கே எல்லா மக்களுக்கும் பாதுகாப்பு இல்லையென்றால் அப்போதிருந்த சட்டப்படி அது பாதுகாப்பான நாடு ஆகாது என்று 2025 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பு வந்தது. புதிய பட்டியலும் புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்தால் அந்தக் கடைசி நிபந்தனை தளர்கிறது.

இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதோடு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு நாட்டவரின் விண்ணப்பங்களில் ஒன்றியம் முழுக்க 20 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோதான் ஏற்கப்படுகிறது என்றால், அந்த நாட்டவருக்கும் விரைவு விசாரணைதான் என்று தொகுப்பில் தனியாக ஒரு விதி இருக்கிறது. விரைவு விசாரணை என்றால் தானாகவே நிராகரிப்பு என்று பொருள் இல்லை. ஒவ்வொருவர் கதையையும் தனியாகக் கேட்டாக வேண்டும். நேரம்தான் சுருங்கும். வக்கீலைப் பிடிக்கவும், ஊரிலிருந்து பொலிஸ் முறைப்பாட்டையோ மருத்துவச் சான்றையோ வரவழைக்கவும் கிடைக்கிற நாட்கள் குறையும். என்னுடைய கவலை அதில்தான். உண்மையான ஆபத்திலிருந்து ஓடிவந்தவர் முதல் வாரத்தில் கோர்வையாகப் பேசுவது அரிது. உங்கள் உறவினர் யாராவது விண்ணப்பித்திருந்தால் தாள்களை இன்றே சேர்க்கச் சொல்லுங்கள், வக்கீலையும் இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளர்: எங்கள் ஐரோப்பிய பையர்கள் தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல் என்று கட்டுக்கட்டாகப் படிவம் கேட்கிறார்கள். இது குறையுமா?

நான் மேலே சொன்ன நவம்பர் 13 வாக்கெடுப்பு இதைப் பற்றியதுதான். 2024இல் வந்த சட்டம், ஐரோப்பியப் பெருநிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களிடம் மனித உரிமை மீறலோ சுற்றுச்சூழல் சேதமோ நடக்கிறதா என்று தேடிப்பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்றது. முதலில் 1,000 ஊழியர்களும் 45 கோடி யூரோ விற்பனையும் உள்ள நிறுவனங்களுக்கு என்று எல்லை வைத்தார்கள். நாடாளுமன்றம் அதை 5,000 ஊழியர், 150 கோடி யூரோ என்று உயர்த்தியது. காலநிலைத் திட்டம் கட்டாயம் என்பதையும் எடுத்துவிட்டது. ‘விதிகளைக் குறை, தொழிலை வாழவிடு’ என்பது ஈ.சி.ஆர். ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தது. மக்கள் கட்சி அவர்கள் பக்கம் நகர்ந்து வந்ததால் அது நடந்தது.

உங்களுக்குப் படிவம் குறையலாம். பெரிய பிராண்டுகளுக்குத் தைப்பவர் என்றால் அதிகம் குறையாது, அவர்கள் புதிய எல்லைக்கும் மேலேதான் இருப்பார்கள். ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். 2013இல் டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் செத்த பிறகுதான் இந்தச் சட்டத்துக்கான குரலே வலுத்தது. படிவம் தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிக்கப்பட்ட தொழிலாளி ஐரோப்பிய நிறுவனத்தின் மீது வழக்குப் போட ஒன்றியம் முழுக்கப் பொதுவாக இருந்திருக்கும் வழியையும் சேர்த்தே கழித்துவிட்டார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்டுட்கார்ட், கார் தொழிற்சாலை ஊழியர்: 2035இல் பெட்ரோல் வண்டிக்குத் தடை இருக்குமா?

2025 டிசம்பரில் ஆணையமே இறங்கிவந்துவிட்டது. புகைக்குறைப்பு 100 விழுக்காடு வேண்டாம், 90 போதும் என்கிறது முன்மொழிவு. ஈ.சி.ஆர். அதுவும் போதாது என்கிறது. எந்தத் தொழில்நுட்பம் என்பதைச் சட்டம் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வாதம். உயிரி எரிபொருளுக்காக இத்தாலி பிடிவாதமாக நிற்கிறது. வரப்போகும் விவாதங்களில் அதிக இரைச்சல் இதில் எழும்.

மதுரை, இதழியல் மாணவி: ‘முன்னுரிமை’ என்று அறிக்கை விட்டால் அது விவாதத்துக்கு வந்துவிடுமா?

வராது. முதலில் குழுத்தலைவர்கள் கூட்டம் நிரலை வகுக்கும். அங்கே ஒவ்வொரு தலைவருக்கும் தம் குழுவின் எண்ணிக்கை அளவுக்கு எடை. பிறகு ஸ்ட்ராஸ்பூரில் திங்கட்கிழமை மாலை அமர்வு தொடங்கும்போது, எந்தக் குழுவும் புதிய தலைப்பைச் சேர்க்கவோ இருப்பதை நீக்கவோ கேட்கலாம். உடனே வாக்கெடுப்பு நடக்கும். அந்த அரைமணி நேரத்தைத்தான் நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை. மக்கள் கட்சி அந்த வாரம் யாரோடு சாய்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பேச்சுகளில் அவ்வளவு இருக்காது. நேரத்தில் ஒரு பகுதியை எல்லாக் குழுவுக்கும் சமமாகவும் மீதியை எண்ணிக்கைப்படியும் பிரிப்பார்கள். பலருக்கும் ஒரு நிமிடம்தான் கிடைக்கும், நாற்காலிகளும் பெரும்பாலும் காலியாக இருக்கும். நண்பகல் வாக்கெடுப்புக்குத்தான் அவை நிரம்பும்.

ரோமிலிருந்து: மெலோனி, ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொண்டெர் லேயனோடு நெருக்கம் என்கிறார்கள். அவர் குழுவே உர்சுலாவைக் கவிழ்க்கப் பார்த்தது என்றும் படித்தேன். எது உண்மை?

இரண்டுமே உண்மை, அதுதான் இந்தக் குழுவின் வலி.

2024 ஜூலையில் உர்சுலா மறுபடி தலைவராக 401 வாக்குப் பெற்றபோது மெலோனி கட்சி எதிர்த்து வாக்களித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆணையம் முழுவதற்குமான வாக்கெடுப்பில் ஆதரித்தது. அந்தக் கட்சியின் ரஃபேலே ஃபித்தோ ஆணையத்தின் செயல் துணைத்தலைவர் ஆகவிருந்தார். அன்றும் பிஸ் எதிர்த்தது. 2025 ஜூலையில் ஈ.சி.ஆரின் ருமேனிய உறுப்பினர் கெயோர்கே பிபெரெயா நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குத் தேவையான 72 கையெழுத்துகளைத் திரட்டினார். பிஸ் ஆதரித்தது, மெலோனி கட்சி ஆதரிக்கவில்லை. 175 ஆதரவு, 360 எதிர்ப்பு, தீர்மானம் தோற்றது. இத்தாலியில் ஆளுங்கட்சி, போலந்தில் எதிர்க்கட்சி. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுவது கடினம்.

ஆண்ட்வெர்ப்: அப்படியானால் பட்ஜெட்டில் என்ன செய்வார்கள்?

பிளவு இன்னும் பச்சையாகத் தெரியும் இடம் இதுதான். 2028 முதல் 2034 வரைக்கான திட்டமாக ஆணையம் 2025 ஜூலையில் கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி யூரோ கேட்டது. விவசாய மானியத்தையும் பின்தங்கிய பகுதிகளுக்கான நிதியையும் நாட்டுக்கு ஒரே திட்டமாக இணைக்கச் சொல்கிறது. விவசாயிகளுக்கு அதில் 30,000 கோடி யூரோ தனியாகக் காக்கப்படும் என்கிறார்கள். இப்போதைய ஏழாண்டில் வேளாண் கொள்கைக்கு இருந்ததோ சுமார் 38,700 கோடி.

போலந்து, ருமேனியா, இத்தாலி உறுப்பினர்கள் இந்தப் பணம் குறையக் கூடாது என்பார்கள். ஸ்வீடன் ஜனநாயகவாதிகளும் உங்கள் ஊர் ஃபிளெமிஷ் கட்சியான என்.வி.ஏ.வும் மொத்தத் தொகையே அதிகம் என்பார்கள். என்.வி.ஏ.வின் யொஹான் வான் ஓவர்ட்வெல்ட்தான் வரவு செலவுக் குழுத் தலைவர், பிராந்திய நிதிக்குப் பொறுப்பான ஆணையரோ ஃபித்தோ. கடைசியில் நாடாளுமன்றம் இதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும், 361 பேர் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து சொல்லக்கூடியது ஒன்றுதான்: இணைக்காதே, விவசாய நிதியைத் தனியே வை. வருகிற அறிக்கைகளில் அந்த வரியைத்தான் பார்ப்பீர்கள்.

வியன்னா: உக்ரைன்?

குழுவின் நிலை தெளிவு. ஆயுதம் கொடு, ரஷ்யா மீதான தடைகளை இறுக்கு. பேட்ரியட்ஸுக்கும் இவர்களுக்கும் இருக்கும் பெரிய வேறுபாடு இதுதான். உக்ரைன் தானியம் என்றால் மட்டும் போலந்து உறுப்பினர்கள் தங்கள் விவசாயிகள் பக்கம் நிற்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்: ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை பற்றி இந்தக் குழு என்ன நினைக்கிறது?

ஐயா, ஐரோப்பாவுக்குச் சுங்கவரிச் சலுகையோடு ஏற்றுமதி செய்ய வழிதரும் அந்தச் சலுகையை இலங்கை 2010இல் இழந்து 2017இல் திரும்பப் பெற்றது. 2021 ஜூன் மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று ஆராயும்படி நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. பழைய விதிகள் 2027 முடியும்வரை நீட்டிக்கப்பட்டிருந்தன.

புதிய விதிகளுக்கு ஆணையம் 2021இலேயே ஒரு நிபந்தனை சேர்த்தது. தன் குடிமக்களைத் திரும்ப ஏற்க மறுக்கும் நாட்டுக்குச் சலுகையை நிறுத்தலாம். ஈ.சி.ஆருக்கு இது பிடித்தமான ஆயுதம். மனித உரிமைக்காக இழுத்துப் பிடித்த அதே கயிறு, ஆட்களைத் திருப்பி அனுப்பவும் இழுக்கப்படும். ஒரே சலுகையில் இரண்டு நோக்கங்கள் மோதினால் எது வெல்லும் என்பது எனக்குப் பெரிய அச்சம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவர்கள் வர்த்தகக் குழு உறுப்பினர்களுக்கே நேராக எழுதுங்கள், அங்கேதான் இது பேசப்படும்.

பெர்ன்: இதையெல்லாம் நாங்களே பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, காசும் வேண்டாம். நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் அமர்வு என்ற பகுதியில் நேரலை வரும், ஒன்றியத்தின் 24 மொழிகளில் மொழிபெயர்த்துச் சொல்வார்கள். தமிழ் கிடையாது, ஜெர்மனோ பிரெஞ்சோ உங்களுக்குப் போதும். பெயர் சொல்லி நடக்கும் வாக்கெடுப்பின் பட்டியலும் அங்கேயே வெளிவரும். குழுவாரியாக யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, யார் நடுநிலை என்று பெயரோடு இருக்கும். முதலில் மக்கள் கட்சியின் வரிசையைப் பாருங்கள். பிறகு ஈ.சி.ஆர். வரிசையில் இத்தாலியப் பெயர்கள் ஒரு பக்கமும் போலந்துப் பெயர்கள் மறுபக்கமும் போயிருக்கின்றனவா என்று பாருங்கள்.