சொன்னபடி கேட்டால் சுடமாட்டார்கள்தானே?

கேள்வி: அமெரிக்காவில் வண்டியை நிறுத்தும் போலீஸ் சொன்னபடி நடந்துகொண்டால் ஏன் சுடப் போகிறார்கள்? அப்படியே தவறாகச் சுட்டாலும் தண்டனை கிடைக்காமல் போவது எப்படி?

மினசோட்டாவில், செயின்ட் பால் நகரத்தை ஒட்டி நான்கு வருடம் குடியிருந்தேன். போய் இறங்கிய முதல் வாரமே, கூட வேலை பார்த்த ஒரு மதுரைக்கார அண்ணன் சொன்னார்: "பின்னாடி போலீஸ் லைட் தெரிஞ்சா ஓரமா நிறுத்து. நம்ம ஊர் மாதிரி பேப்பரை எடுத்துக்கிட்டு இறங்கிப் போய் நிக்காதே தம்பி. உள்ளேயே உட்கார். ரெண்டு கையும் ஸ்டீயரிங் மேல இருக்கணும்."

ஒரு டிசம்பர் இரவு லார்பென்டர் அவென்யூவில் என்னை நிறுத்தினார்கள். ஹெட்லைட் ஒன்று எரியவில்லை. இன்சூரன்ஸ் பேப்பர் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தது. "எடுக்கலாமா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் கையை நகர்த்தினேன். பேசி முடிக்கும்வரை அவருடைய வலது கை இடுப்புத் துப்பாக்கியை விட்டு நகரவே இல்லை. மரியாதையாகத்தான் பேசினார், எச்சரித்து அனுப்பிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து கதவுப் பூட்டில் சாவியை நுழைக்க முடியாமல் என் கை நடுங்கியது. ஏனென்றால் அதே சாலையில்தான் 2016 ஜூலை 6 அன்று ஃபிலாண்டோ காஸ்டீல் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அவர்தான். காஸ்டீல் கறுப்பினத்தவர், வயது 32. செயின்ட் பாலில் ஒரு மாண்டிசோரி பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்துக்கு மேற்பார்வையாளர். எந்தக் குழந்தைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கு மனப்பாடம். பிரேக் லைட் சரியில்லை என்று சொல்லித்தான் ஜெரோனிமோ யானெஸ் என்ற போலீஸ்காரர் அவரை நிறுத்தினார். கேட்டதும் இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்தார் காஸ்டீல். பிறகு, "சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்" என்று அமைதியாகச் சொன்னார். அதற்கு அவர் முறையான உரிமம் வைத்திருந்தார். அதை எடுக்காதே என்றார் யானெஸ். எடுக்கவில்லை என்றார் காஸ்டீல், பக்கத்தில் இருந்த காதலியும் அதையே சொன்னார். துப்பாக்கி என்ற சொல் வாயிலிருந்து வந்து பத்து விநாடி போல ஆவதற்குள் ஏழு குண்டுகள். பின்சீட்டில் அந்தக் காதலியின் நான்கு வயதுக் குழந்தை. காஸ்டீலின் துப்பாக்கி பிறகு அவருடைய கால்சட்டைப் பையிலிருந்துதான் எடுக்கப்பட்டது.

அதன்பின் போலீஸ் காருக்குள் பதிவான வீடியோ ஒன்று உண்டு. விலங்கு மாட்டப்பட்ட அம்மா கதறுகிறார். கத்தாதே அம்மா, உன்னையும் சுட்டுவிடுவார்கள் என்று அந்தக் குழந்தை கெஞ்சுகிறது. ஒருமுறைதான் பார்த்தேன், மறுபடி பார்க்க எனக்குத் துணிவில்லை.

யானெஸ் மீது வழக்கு நடந்தது. உயிருக்குப் பயந்தேன், துப்பாக்கியைப் பார்த்தேன் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 2017 ஜூனில் ஜூரி அவரை விடுவித்தது. வேலை போனது, ஆனால் விலகும்போது அவருக்கு 48,500 டாலர் கொடுத்தார்கள். காஸ்டீலின் தாய்க்குக் கிடைத்த சுமார் 30 லட்சம் டாலர் இழப்பீடு இன்சூரன்ஸ் பணம். சுட்டவர் கையிலிருந்து ஒரு காசு போகவில்லை.

சரி, தண்டனை ஏன் இல்லை? 1989இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் வைத்தது: அந்த இடத்தில் நின்ற ஒரு நியாயமான அதிகாரியின் கண்ணால் பார்க்க வேண்டும், நடந்து முடிந்தபின் சாவகாசமாக உட்கார்ந்து பார்க்கக் கூடாது. நொடியில் முடிவெடுக்கிறவருக்கு அந்தச் சலுகை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் பல இடங்களில் அது 'கடைசி நொடியில் பயந்தாரா?' என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. அந்த நொடி எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஆஷ்டியன் பார்ன்ஸ் வழக்கில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2016 ஏப்ரலில் ஹூஸ்டன் பக்கம், அவர் ஓட்டிவந்த வாடகைக் காரின் பேரில் சுங்கக் கட்டணப் பாக்கி இருந்ததால் நிறுத்தினார்கள். கார் நகரத் தொடங்கியதும் போலீஸ்காரரே அதன் படியில் தாவி ஏறி இரண்டு குண்டு சுட்டார். கீழ் நீதிமன்றங்கள் அவர் படியில் தொங்கிய அந்த இரண்டு விநாடியை மட்டுமே பார்த்தன. அது தவறு, முழுச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் ஆபத்தை அதிகாரியே வரவழைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வியைத் தீர்க்காமல் விட்டுவிட்டது. எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

2015இல் தென் கரோலினாவில் வால்டர் ஸ்காட் என்பவரை முதுகில் சுட்ட போலீஸ்காரர் மைக்கேல் ஸ்லேகருக்கு 20 வருடம் கிடைத்ததே என்று கேட்பீர்கள். அதுவும் பிரேக் லைட்டில் தொடங்கியதுதான். வழிப்போக்கர் ஒருவர் செல்போனில் படம் எடுத்திருந்தார். அப்படியும் முதல் விசாரணையில் ஜூரியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மத்திய அரசு தொடுத்த வழக்கில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டதால்தான் அந்தத் தண்டனை.

அதனால், சுட்டபின் என்ன நடக்கிறது என்பதைவிட ஏன் நிறுத்தினார்கள் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காஸ்டீல் அதற்கு முன் குறைந்தது 46 முறை நிறுத்தப்பட்டவர். அவற்றில் வெளியிலிருந்து பார்த்தே ஒரு போலீஸ்காரர் கண்டுபிடிக்கக்கூடிய தவறு ஆறே ஆறு. அன்றும் யானெஸ் வயர்லெஸ்ஸில் சொன்ன காரணம் வேறு: ஒரு கொள்ளையில் தேடப்படுபவரைப் போல இருக்கிறார், மூக்கு அகலமாக இருக்கிறது. உள்ளே வேறு எண்ணம் இருந்தாலும் சிறு போக்குவரத்து விதிமீறல் ஒன்று கண்ணில் பட்டால் போதும், நிறுத்தலாம் என்று 1996இல் உச்ச நீதிமன்றமே அனுமதித்திருக்கிறது.

யானெஸ் மீது வழக்குத் தொடுத்துத் தோற்ற, செயின்ட் பால் அடங்கிய ராம்சே கவுண்டியின் அரசு வழக்கறிஞர் ஜான் சோய், 2021 செப்டம்பரில் ஒரு முடிவு எடுத்தார். பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத இப்படிப்பட்ட சின்னக் குறைகளுக்காக நிறுத்தி, அதிலிருந்து கிளம்பும் பெரும்பாலான வழக்குகளைத் தன் அலுவலகம் நடத்தாது என்றார். அங்குள்ள சில போலீஸ் துறைகளும் அத்தகைய நிறுத்தங்களைக் குறைத்தன. ஃபிலடெல்ஃபியாவில் 2022இல் இதற்கென்று சட்டமே நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் இது வர வேண்டும். பிரேக் லைட் என்ற சாக்கு கையில் இல்லாவிட்டால், மூக்கு அகலம் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அன்றைக்குக் காஸ்டீலின் காரை மடக்கச் சட்டம் இடம் தந்திருக்காது.