சுற்றினாலே ஓடுகிறதே, பழுதா?

சைக்கிள் கடையிலிருந்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வுபெற்றதும் மின்சைக்கிள் ஒன்று வாங்கினேன். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி பேட்டரி. ஹேண்டில்பாரில் 1 முதல் 5 வரை பெடல் அசிஸ்ட் (மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவி) எண்கள். எதில் வைத்தாலும் பெடலை அழுத்தவே வேண்டாம், சும்மா சுற்றினாலே ஓடுகிறது. காலை நிறுத்திய பிறகும் ஒரு நொடி இழுக்கிறது. ஜெர்மனியில் என் மகன் வைத்திருக்கும் வண்டியில் அழுத்தி மிதித்தால்தான் மோட்டார் உதவுகிறது. என் வண்டியில் பழுதா? 1-ல் எவ்வளவு தூரம் ஓடும், 5-ல் எவ்வளவு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பழுது இல்லை ஐயா. உங்கள் வண்டிக்குக் காலின் பலம் தெரியாது, கால் சுற்றுகிறதா என்பது மட்டும்தான் தெரியும். பெடலைத் தாங்கும் கையான கிராங்கை ஒட்டி அச்சில் ஒரு கறுப்புத் தட்டு இருக்கிறதா, பாருங்கள். அதில் குட்டிக் காந்தங்கள் பதித்திருக்கும், பல வண்டிகளில் 12. எதிரே நகம் அளவில் ஒரு சென்சார். காந்தங்கள் வரிசையாகக் கடந்தால், ஆள் மிதிக்கிறார் என்று, மோட்டாருக்குக் கரண்ட் விடும் கன்ட்ரோலருக்குச் சேதி போகும். முதல் காந்தத்தைப் பார்த்ததும் அது நம்பிவிடாது, சில கடந்தாக வேண்டும். கிளம்பும்போது வரும் தாமதம் அதனால்தான். நீங்கள் நிறுத்தினாலும், அடுத்த காந்தம் வருகிறதா என்று கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை விடும். அந்த ஒரு நொடி இழுப்பு இதுதான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. கடைக்கு வந்த முதல் மின்சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, செயின் துடைக்கலாம் என்று பெடலைக் கையால் சுற்றினேன். சுவிட்சை அணைக்கவில்லை. பின்சக்கரம் விர்ரென்று கிளம்பியது, கையிலிருந்த துணியைச் செயின் பிடுங்கிக்கொண்டது. விரல் தப்பியது பெரிய காரியம். எண்ணெய் விடுவதானாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

மகன் வண்டியில் அச்சுக்குள்ளேயே அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அங்கே ஒவ்வொரு மோடும் ஒரு பெருக்கல் கணக்கு. உதாரணத்துக்கு, பாஷ் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சி.எக்ஸ். மோட்டாரில் ஈகோ என்றால் 60 சதவீதம், டர்போ என்றால் 340 சதவீதம். நீங்கள் 100 வாட் மிதித்தால் ஈகோவில் மோட்டார் 60 வாட் சேர்த்துத் தரும். நீங்கள் தளர்ந்தால் அதுவும் தளரும். இந்த வழி ஜப்பானில் தொடங்கியது. யமஹா 1993-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பாஸ்’ சைக்கிளே மிதிக்கும் பலத்தை அளந்துதான் உதவியது. மணிக்கு 10 கி.மீ. வேகம் வரை கால் ஒரு பங்கு போட்டால் மோட்டார் 2 பங்குக்கு மேல் போடக் கூடாது, 24 கி.மீ.யில் உதவி அடியோடு நின்றுவிட வேண்டும் என்பது இன்று அங்கே சட்டம்.

உங்கள் வண்டியில் எண் என்பது பெருக்கல் அல்ல. பெரும்பாலும் அது வேக வரம்பு. சில வண்டிகளில் மோட்டாருக்கு விடும் கரண்டின் அளவு. எது என்று நீங்களே பார்த்துவிடலாம். சமமான சாலையில் 1-ல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். நன்றாக இழுத்துக்கொண்டு போய் ஒரு வேகத்தில் சட்டென்று கைவிட்டால் வேக வரம்பு. மெல்ல இழுத்து, விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் கரண்ட் அளவு.

தூரத்துக்கு வருவோம். 36-ஐ 7.8-ஆல் பெருக்கினால் சுமார் 280 வாட்-மணி, பேட்டரியில் அடங்கும் மின்சாரம் இவ்வளவுதான். நீங்களும் சேர்ந்து மிதித்து, கிலோமீட்டருக்கு 7 வாட்-மணி செலவானால் 40 கி.மீ. 5-ல் வைத்துக் காலைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அந்தச் செலவு 14 வாட்-மணி வரை போகலாம், அப்போது 20 கி.மீ.தான். சுவாமிமலை போய்வர எந்த எண்ணிலும் தாங்கும்.

மகன் வண்டியைப் பார்த்து ஏங்க வேண்டாம். முட்டி வலி இருந்தால், அழுத்தம் கேட்காத உங்கள் வண்டிதான் தோது. ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். மோட்டார் இழுக்கும்போது பிரேக் லீவரை லேசாகத் தொட்டால் உடனே கரண்ட் நிற்க வேண்டும், லீவருக்குள் அதற்கென்று சுவிட்ச் இருக்கிறது. நிற்கவில்லையென்றால் அதுதான் பழுது, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மேட்டில் 5-ல் வைத்தாலும் மோட்டார் முனகுகிறது, தொட்டால் சுடுகிறது. பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள வண்டி.
– வாசகி, குன்னூர்

பதில்: குன்னூர் மேடு அப்படிம்மா! சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாருக்கு உங்கள் கியர் உதவாது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும், உள்ளே போகும் கரண்டில் பெரும்பங்கு சூடாகிவிடும். பெடல் அச்சில் மோட்டார் உள்ள வண்டி செயின் வழியாக இழுப்பதால், உங்களோடு சேர்ந்து அதுவும் கியரின் பலனை அனுபவிக்கும். நீங்கள் செய்யக்கூடியது: மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, அழுத்தி மிதித்து, வேகம் விழாமல் ஏறுங்கள். நடுவில் நின்றுபோனால் இறங்கித் தள்ளுங்கள். த்ராட்டிலை முழுசாகத் திருகிக்கொண்டு அங்கேயே திணற விடாதீர்கள்.

கேள்வி: என் மின்சைக்கிளில் மணிக்கு 25 கி.மீ. என்ற வேக வரம்பை எடுத்துவிட்டு 40 வரை ஓடும்படி செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருப்பதால்தான் உங்கள் சைக்கிளுக்கு நம்பர் பிளேட்டும் லைசென்ஸும் கேட்பதில்லை. 40-ல் ஓடினால் அது பதிவு செய்யாத மோட்டார் வண்டி. அந்த பிரேக் கட்டையும் 40-க்குச் செய்ததல்ல. என் கடைக்கும் மாதம் இரண்டு பேர் இதைக் கேட்டு வருகிறார்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.