வேதாகமக் கேள்வி பதில்: தண்ணீரும் மனுஷ குணமும்

கேள்வி: யாக்கோபு சாகும் தறுவாயில் மூத்த மகன் ரூபனைத் தண்ணீரைப்போலத் தளும்பினவன் என்று கடிந்துகொள்கிறார். எரேமியாவோ ஆண்டவரையே ஜீவத்தண்ணீர் ஊற்று என்கிறார். அப்படியானால் தண்ணீர் நல்ல குணத்துக்கு அடையாளமா, கெட்ட குணத்துக்கா?
– வாசகர், ஹட்டன்

பதில்: இரண்டுக்கும்தான். எந்தத் தண்ணீர், எங்கிருந்து வருகிறது, வேண்டிய நேரத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வேதம் குணத்தைச் சொல்கிறது.

ரூபனை ஆதியாகமம் 49:4-ஐ மட்டும் வைத்துக் காமுகன் என்று முடித்துவிடுகிறார்கள். அப்பாவின் மறுமனையாட்டி பில்காளோடு அவன் செய்த பாவம் (35:22) அந்தக் கண்டிப்புக்கு நேரடிக் காரணம் என்பது உண்மையே. ஆனால் 37ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். யோசேப்பைக் கொல்லாதீர்கள், குழியில் போடுங்கள் என்று தடுத்தவன் அவன்தான். பிறகு தம்பியைத் தூக்கி எடுத்து அப்பாவிடம் சேர்த்துவிடலாம் என்பது அவன் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் தம்பியை விற்கும் நேரத்தில் ஆள் அங்கே இல்லை. திரும்பி வந்து வெறுங்குழியைப் பார்த்து வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். இரத்தத்தில் தோய்த்த அங்கி அப்பாவின் கைக்குப் போனபோது அவன் வாய் திறந்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

பிறகு பஞ்ச காலத்தில், எகிப்துக்குக் கூட்டிப்போகும் கடைசித் தம்பி பென்யமீனைப் பத்திரமாகக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு பிள்ளைகளையும் கொன்றுபோடும் என்கிறான் (42:37). பேரப்பிள்ளைகளைக் கொல்லச் சொல்லித் தாத்தாவிடமே பேசும் பேச்சா இது! யாக்கோபு அசையவில்லை. இன்னொரு தம்பி யூதா வந்து, நானே பொறுப்பு, என் கையில் கேளும் என்று சொன்ன பிறகுதான் (43:9) அனுப்பச் சம்மதித்தார். ரூபனிடம் கொதிப்பு இருந்தது, இரக்கமும் இருந்தது, இரண்டும் நிலைக்கவில்லை. நியாயாதிபதிகள் 5:15-16இல் அவன் கோத்திரமும் அப்படித்தான்: மனதுக்குள் பெரிய யோசனை, ஆனால் யுத்தத்துக்கு வராமல் ஆட்டுத்தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

கேள்வி: வாலிபர் கூட்டத்தில் யோபு 6:15 பற்றிப் பேசவேண்டும். சகோதரர் காட்டாறுபோல மோசம்பண்ணுகிறார்கள் என்பதை, வெள்ளம் வந்து ஆளை அடித்துக்கொண்டு போவதுபோல விளக்கலாமா?
– தலவாக்கலை

பதில்: வேண்டாம். 15ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 20 வரை வாசியுங்கள். யோபு பயப்படுவது வெள்ளத்துக்கு இல்லை, வறட்சிக்கு. குளிர்காலத்தில் பனிக்கட்டியும் உறைமழையும் கரைந்து அந்த ஆறு கலங்கிப் பெருகும். வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாது. தேமா, சேபா பயணக்கூட்டங்கள் அதை நம்பி வழி விலகிப் போய், ஏமாந்து வெட்கப்படுகிறார்கள்.

நம் ஊரில் இது தவறிப்போவதற்குக் காரணம் மழைதான். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே மாதம் பிடிக்கிற தென்மேற்கு மழை செப்டெம்பர் வரை விடாது. அது ஓய்ந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை. ஓயா வற்றிப் பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள். வேதத்தின் தேசத்தில் மழை ஏறக்குறைய ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான். மிச்ச மாதங்களில் பெரும்பாலான ஓடைகள் வெறும் கல்லும் மணலும். பண்டாரவளை, வெலிமடைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது பீலித் தண்ணீர் நூலாக இறங்குவதும், குடங்கள் வரிசையில் காத்திருப்பதும் அவர்களுக்குப் பழகிப்போனவை.

வாலிபருக்கு யோபு 2:13-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். யோபு இங்கே சகோதரர் என்கிற அந்தச் சிநேகிதர் ஏழு நாள் இராப்பகலாக யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள். அது ஆறு நிறைந்த காலம். யோபு வாய்திறந்து புலம்பியதும் ஆறுதல் வற்றிக் குற்றச்சாட்டு தொடங்கிவிட்டது. இன்னொன்று, இதே குறையை எரேமியா ஆண்டவரிடமே சொல்கிறார்: நீர் எனக்கு நம்பமுடியாத தண்ணீரைப்போல இருப்பீரோ என்று (15:18). அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஜெபத்தில் அவ்வளவு தூரம் பேச இடம் இருக்கிறது என்று பிள்ளைகள் அறியட்டும்.

கேள்வி: ஓய்வுநாள் பாடசாலையில் எரேமியா 2:13, வெடித்த தொட்டிகளைச் செய்து காட்ட ஒரு வழி சொல்லுங்கள்.
– ஆசிரியை, நுவரெலியா

பதில்: மயிரிழை வெடிப்புள்ள பழைய மண்சட்டி ஒன்று, நல்ல சட்டி ஒன்று போதும். இரண்டிலும் இரண்டிரண்டு லீட்டர் தண்ணீர் ஊற்றி, உள்பக்கம் மட்டத்தில் கோடு போட்டு, உலர்ந்த பத்திரிகைத் தாளின்மேல் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். முடியும்போது கோட்டைப் பிள்ளைகளே பார்க்கட்டும். நல்ல சட்டி புதிதாக இருந்தால் சுற்றிலும் கசியும், இரண்டும் ஒழுகுது டீச்சர் என்பார்கள். சமைத்துப் பழகிய சட்டியை எடுங்கள். பிளாஸ்டிக் போத்தலில் ஊசித்துளை போடுகிறவர்கள் மூடியைக் கழற்ற மறந்துவிடுகிறார்கள். மூடி இறுகியிருந்தால் காற்று உள்ளே போகாது, தண்ணீர் ஒரு சொட்டும் வராது.

அந்தக் காலத்துத் தொட்டி, சுண்ணாம்புப் பாறையில் வாய் குறுகலாக, வயிறு அகலமாக வெட்டி உள்ளே சுண்ணச்சாந்து பூசியது. மழை பெய்துகொண்டிருக்கும்வரை வெடிப்பு தெரியாது, கோடையில்தான் தெரியும். ஆனால் வெடிப்பைப் பற்றியே பேசி முடித்துவிடாதீர்கள். தீமை இரண்டு என்கிறது வசனம்; முதலாவது ஜீவத்தண்ணீர் ஊற்றாகிய ஆண்டவரை விட்டுவிட்டது. ஊற்று பக்கத்திலேயே இருக்கத் தொட்டி வெட்டப் போனதை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: லவோதிக்கேயா சபையை இயேசு குளிராவது அனலாவது இருந்தால் நலம் என்கிறாரே (வெளி. 3:15). குளிர்ந்துபோன விசுவாசி மேலா?
– பண்டாரவளை

பதில்: குளிர் என்றால் அவிசுவாசம் என்று எடுப்பதால் வரும் சிக்கல் இது. பல வேத அறிஞர்கள் அந்த ஊர்த் தண்ணீரை வைத்தே விளக்குகிறார்கள். பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர்; ஒன்று உடம்பு நோவுக்கு, ஒன்று தாகத்துக்கு. லவோதிக்கேயாவுக்குத் தண்ணீர் வெளியிலிருந்து கற்குழாயில் வந்தது; உள்ளே சுண்ணாம்பு படிந்த குழாய்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன. அப்படிப் பார்த்தால் குளிரும் நல்லது, அனலும் நல்லது. அடுத்த வசனம் அந்தச் சபையைப் பற்றிச் சொல்லும் வெதுவெதுப்புதான் ஒன்றுக்கும் உதவாதது. அன்பு தணிந்துபோகும் என்ற மத்தேயு 24:12-ஐ இதோடு கலப்பதால்தான் குழப்பம் வருகிறது. அது வேறு பேச்சு.