பேண்ட்சா வாங்கப் போறீங்களா? கேள்வி-பதில்

(ரெண்டு வீல் மேல பெல்ட் மாதிரி ஓடற வளையப் பிளேடால மரம் அறுக்கற மெஷின்தான் பேண்ட்சா.)

கேள்வி: மாடியில சின்னதா மர வேலைக்கு ஷெட் போட்டிருக்கேன். பட்ஜெட் 30,000. புது 10 இன்ச் பேண்ட்சா வாங்கவா, இல்ல மூடுன பட்டறையிலேருந்து வர்ற பழைய 14 இன்ச் வாங்கவா? (செங்கல்பட்டு)

பதில்: வார்ப்பிரும்பு பாடின்னா பழைய 14 இன்ச்தான். இந்த இன்ச் கணக்கு வீலோட விட்டம், வீல் பெருசா இருந்தா பிளேடு கம்மியா வளையும், நிறைய நாள் உழைக்கும். நான் முதல்ல வாங்குனது தகர பாடி 8 இன்ச், பிளேடை இறுக்கி டென்ஷன் ஏத்துனா பிரேமே வளையும், ரெண்டு இன்ச் தேக்குல கூட நேரா போகாது, பாதி விலைக்குத்தான் போச்சு. காசு குடுக்கறதுக்கு முன்னாடி பெல்ட்டைக் கழட்டிட்டு ரெண்டு வீலையும் கையால சுத்திப் பாருங்க. ஆட்டம் இருக்கா, பேரிங் கரகரங்குதா, வீல் மேல இருக்கற ரப்பர் டயர் வெடிச்சிருக்கா? டயர், பேரிங் எல்லாம் மாத்திக்கலாம், பாடியில விரிசல் இருந்தா பேசாம கிளம்பிடுங்க. மோட்டார்ல 415 வோல்ட் த்ரீ பேஸ்னு போட்டிருந்தா வீட்டு சிங்கிள் பேஸ் லைன்ல அப்படியே ஓடாது, மோட்டார் மாத்துற செலவையும் இப்பவே விலையில கழிச்சுப் பேசுங்க. நூறு கிலோ பக்கம் இருக்கும், மாடிப்படி தாங்குமா, ஏத்த ஆள் இருக்கான்னும் பாத்துக்கோங்க.

கேள்வி: ஜிக்சா இருக்கு. எப்பவாவது பொம்மை செய்வேன். பேண்ட்சா வேணுமா? (தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஸ்டிக்கர்ல 2 எச்.பி.ன்னு இருக்கு, ஆனா வேங்கைக் கட்டையை வச்சாலே மெஷின் நின்னுடுது. மோட்டார் தகட்டுல 230 வோல்ட், 3.5 ஆம்ப்ஸ். ஏமாந்துட்டேனா? (திருப்பூர்)

பதில்: ஆமா, உங்கள ஏமாத்தியிருக்காங்க, இதைப் பத்தி எத்தனை தடவை எழுதினாலும் எனக்குக் கோவம் அடங்காது. ஒரு எச்.பி.ன்னா 746 வாட்ஸ், அப்போ 2 எச்.பி.க்கு 1,492 வாட்ஸ் ஷாப்ட்ல கிடைக்கணும். உங்க தகட்டுல இருக்கறத பெருக்குங்க, 230 தடவை 3.5, மொத்தமே 805. உள்ள போறதே அவ்ளோதான், அதுல சூடா போறது, மோட்டாருக்குள்ளயே வீணாகறது எல்லாம் கழிச்சா வெளிய முக்கால் எச்.பி. வந்தாலே பெருசு. சில தகட்டுல பி1, பி2ன்னு ரெண்டு நம்பர் இருக்கும், பி1 உள்ள இழுக்கறது, பி2தான் நமக்குக் கிடைக்கறது, ஆனா அட்டைப்பெட்டியில பெருசா அடிக்கறது பெரும்பாலும் பி1தான். அதே தகட்டுல எஸ்1ன்னு போட்டிருந்தா லோடோட தொடர்ந்து ஓடும், எஸ்6 40%ன்னா பத்து நிமிஷத்துல நாலு நிமிஷம்தான் லோடு குடுக்கலாம், மீதி சும்மா ஓடணும். ஸ்டிக்கர், தகடு ரெண்டையும் போட்டோ எடுத்து வச்சு, பணம் திருப்பிக் கேட்டு கடைக்கு எழுத்துல அனுப்புங்க. பொய்யான விவரம் சொல்லி விக்கறது சட்டப்படி தப்பு, இதுல நீங்க தயங்கவே வேண்டாம்.

கேள்வி: பார்சல் பிரிச்சப்போ மேல் வீல் கோணலா இருந்துச்சு. பில்லுல "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு இருக்குன்னு சொல்லி கடைக்காரர் போனையே எடுக்கறதில்ல. ரிட்டயர்மென்ட் காசு சார். (நாகர்கோவில்)

பதில்: மனசு கஷ்டமா இருக்கு ஐயா. ஆனா அந்த வரியைப் பாத்து பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன நாளுக்குள்ள, எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பி எடுத்துப் பணம் தர மறுக்கறது முறையற்ற வணிகம். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் நம்பர் வாங்குங்க. அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, மெஷினையும் நீங்களா நிமித்திப் பாக்காதீங்க.

கேள்வி: ஆபர் போட்டிருந்தாங்கன்னு 8 இன்ச் வாங்கிட்டேன். ஆறு இன்ச் வாகைக் கட்டையை பலகையா அறுக்கணும், உள்ளயே போக மாட்டேங்குது. (மதுரை)

பதில்: கட்டிங் ஹைட் (அறுக்கக்கூடிய உயரம்) 80 மில்லிமீட்டர்னு அதே பக்கத்துல போட்டிருந்தது, நீங்களே லிங்க்கும் அனுப்பியிருக்கீங்க. ஆறு இன்ச்னா 150 மில்லி. படிக்காம வாங்கிட்டு மெஷின் சரியில்லன்னு எழுதினா நான் என்ன பண்றது? கட்டையை மரவாடிக்குக் கொண்டு போய் அறுத்துட்டு வாங்க.

கேள்வி: 10 இன்ச் மெஷின்ல பிளேடு ரெண்டே நாள்ல அறுந்துடுது. வெல்டிங் சரியில்லையா? லோக்கல் கடையில 0.9 மில்லி கனத்துல கெட்டியா போட்டுத் தந்தாங்க. (கரூர்)

பதில்: கனம்தான் பிரச்சனை. பிளேடோட கனம் வீல் விட்டத்துல ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்கு இருக்கணும், உங்க வீலுக்கு 0.25 மில்லி, அதிகபட்சம் 0.35. 0.9 மில்லி பெரிய வீலுக்கானது, சின்ன வீல்ல ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி விரிசல் விட்டுடும். 0.35 மில்லில கால் இன்ச் அகலம், இன்ச்சுக்கு ஆறு பல்லுன்னு கேளுங்க, இல்லைன்னு சொல்லி வேற எதையாவது கையில குடுத்தா வாங்காதீங்க.