சீமெந்து வீணாகவில்லை, சரி. மூன்று மாதம் எங்கே போனது?

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிய மகள், கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என்கிறீர்கள். நீங்களே பல வருடமாகக் கொந்தராத்து எடுத்துச் செய்கிறவர். "கல்லையும் கம்பியையும் எண்ணுவதற்கு நாலு வருடப் படிப்பா? என் சைட்டில் ஒரு பை சீமெந்துகூட வீண்போக விடமாட்டேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் கடைசியில், நிலாவெளியில் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டிய விடுதிக் கட்டடம் எட்டு மாதம் இழுபட்டது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சீமெந்து வீணாகவில்லை என்றால் காசு எங்கே போனது? உங்கள் மகள் படிக்க நினைப்பது இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் படிப்பு.

வீண் என்றால் நம் கொந்தராத்துக்காரர் பலருக்கும் நினைவுக்கு வருவது உடைந்த கல், கட்டிபட்ட சீமெந்து, கம்பித் துண்டு. அதெல்லாம் கண்ணில் படும், குவிந்து கிடக்கும், டிராக்டரில் ஏற்றி அகற்றலாம். காத்திருந்த நேரமும் இடித்துத் திரும்பச் செய்த வேலையும் எங்கும் குவிவதில்லை. அதனால் அவற்றை யாரும் எண்ணுவதுமில்லை.

ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மேசன்மாரும் நாலு கையாட்களும் எட்டு மணிக்கு வந்துவிட்டார்கள். கிண்ணியாப் பக்கமிருந்து வரவேண்டிய மணல் லொறி பெர்மிட் சரிவராமல் பத்து மணிக்குத்தான் வருகிறது. யாரும் சும்மா இருந்ததாகத் தெரியாது. ஒருவர் முட்டுப்பலகையை இங்கிருந்து அங்கே அடுக்குவார், ஒருவர் வாளியைக் கழுவுவார். ஆனால் எட்டுப் பேருக்கு இரண்டு மணி நேரம் என்றால் 16 மணி நேரம், அதாவது இரண்டு பேரின் முழுநாள் கூலி. வாரத்தில் இரண்டு தரம் இப்படி நடந்தால் மாதத்தில் எத்தனை கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள். சீமெந்து ஆலை சீனக்குடாவில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் "சீமெந்து முடிந்துவிட்டது" என்று நம் ஊரில் வேலை நிற்பது உண்டு. முதல்நாள் பின்னேரம் ஒருவர் இருப்பைப் பார்த்திருந்தால் போதும்.

இதைவிடப் பெரிய வீண் இடித்துச் செய்வது. சுவர் பூசி முடிந்த பிறகு வயரிங் செய்பவர் வந்து குழாய் பதிக்கச் சுவரைக் கொத்துவார். வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கழிவறையை மறுபக்கம் வைக்கச் சொல்லுவார். மேசன் திரும்பவும் பூசுவார். அந்தக் கூலி எந்தப் பில்லிலும் தனியாகத் தெரியாது, உங்கள் இலாபத்திலிருந்து பேசாமல் கழியும். ஒக்டோபரில் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டு நவம்பர் மழையில் குழியிலிருந்து தண்ணீர் இறைப்பதும் இதில் சேர்த்தி. திருகோணமலையில் மாரி எப்போது வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வேலைத் திட்டத் தாளில் அது ஏறுவதில்லை.

இது உங்கள் ஒருவரின் குறை இல்லை. கட்டடத் துறையே இதைப் பிந்தித்தான் கவனித்தது. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையின் தாயிச்சி ஓனோ வீண் என்பதை ஏழு வகையாகப் பிரித்தார். அதில் காத்திருப்பும், தேவையில்லாத நடமாட்டமும், தேவைக்கு மேல் வாங்கி அடுக்குவதும், பிழை திருத்துவதும் உண்டு. பின்லாந்துக்காரரான லவுரி கொஸ்கெலா 1992இல் அந்தச் சிந்தனையைக் கட்டட வேலைக்குக் கொண்டுவந்து ஓர் ஆய்வறிக்கை எழுதினார். கல் எப்படிச் சுவராகிறது என்பதை மட்டும் பார்க்கிறோம், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் போகும் நேரத்தைப் பார்ப்பதில்லை என்பது அவர் வாதம். அப்புறம் அமெரிக்காவில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹவலும் வாராந்தத் திட்டமிடும் முறை ஒன்றை வளர்த்தெடுத்தார்கள். அடுத்த வாரம் எதைச் செய்வோம் என்று வேலையை நேரடியாக நடத்துகிறவரே வாக்குக் கொடுப்பார். வார முடிவில் எத்தனை நிறைவேறியது, மிச்சம் ஏன் நிறைவேறவில்லை என்று எழுதிப் பார்ப்பார்கள். இதற்குப் பெரிய கணினியெல்லாம் தேவையில்லை. ஒரு கொப்பி போதும்.

எழுதி வைக்காததால் வரும் நட்டம் இன்னொன்றும் இருக்கிறது. பெரிய வேலைகளில் வரும் பிடிக் (FIDIC) என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில், கால நீடிப்போ மேலதிகப் பணமோ கேட்பதானால் காரணம் தெரியவந்த 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வரைபடம் தருகிறவர் மூன்று வாரம் பிந்தினாலும், அதை நாள் குறித்துக் கடிதமாகக் கொடுக்காதவர் கடைசியில் தாமத நட்டஈடு கட்ட நேரிடும். அந்தத் தேதியைப் பிடித்து வைத்துக் கடிதம் போடுவது கியூஎஸ்ஸின், அதாவது கணிய அளவையியலாளரின் வேலை. கல்லை எண்ணுவது அதில் ஒரு சின்னப் பங்குதான்.

இனி வழிகள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கணிய அளவையியல் பட்டம் இந்தத் துறையில் முதலிடத்தில் இருக்கிறது, சேரத் தேவையான இசட் புள்ளியும் (உயர்தரப் பெறுபேற்றின் ஒப்பீட்டுப் புள்ளி) அதற்கேற்ப உயரமாக நிற்கும். அந்த வருடத்துப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வரி வரியாக வாசித்து விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் அதோடு கதவு மூடவில்லை. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களில் இதே பாடத்துக்கு உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரி வழியாக என்விக்யூ (தேசிய தொழில் தகைமை) 5, 6 என்று ஏறி, ஏழாம் மட்டத்தில் பட்டத்தையே எட்டலாம். தனியார் நிறுவனத்தில் இலட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டத்தை இலங்கைக் கணிய அளவையியலாளர் நிறுவகம் ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத் தாளை நம்பிக் காணி ஈடு வைக்க வேண்டாம்.

துறை விழுந்துவிட்டதே என்று பயப்படுகிறீர்கள். 2022இல் சீமெந்துப் பை 3,000 ரூபாயைத் தாண்டி, கட்டடங்கள் பாதியில் நின்றதை நானும் பார்த்தேன். பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் காசு இறுகும் காலத்தில்தான் கணக்கைப் பிடித்துச் சொல்லத் தெரிந்தவரைத் தேடுவார்கள். நம் நாட்டுக் கியூஎஸ்மார் வளைகுடா நாடுகளிலும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள்.

பெண் பிள்ளை சைட்டில் நிற்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிற்கலாம். பெண் கியூஎஸ்கள் இன்று புதினமில்லை, வேலையில் பாதி அலுவலக மேசையில்தான். தலைக்கவசம், பாதுகாப்புச் சப்பாத்து, ஒழுங்கான கழிவறை ஆகிய மூன்றையும் உங்கள் சைட்டிலேயே முதலில் செய்து கொடுங்கள். அவளுக்கு மட்டுமில்லை, அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அது உரியது.

பெறுபேறு வரும்வரை அவள் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். இப்போது ஓடுகிற வேலைக்கு அவளைக் கூட்டிப்போங்கள். ஒரு கொப்பியில் நாள்தோறும் நாலு விடயம் எழுதட்டும்: எத்தனை பேர் வந்தார்கள், எதற்காக எவ்வளவு நேரம் நின்றார்கள், எதை இடித்துத் திரும்பச் செய்தார்கள், யார் சொல்லி. மேசன்மாரைக் குற்றம் பிடிக்க வந்தவள் போல நிற்கக் கூடாது என்று சொல்லுங்கள். ஏன் காத்திருக்க வேண்டி வந்தது என்று அவர்களிடமே கேட்டால் அவர்களே சொல்லுவார்கள், பெரும்பாலும் பிழை ஓடர் கொடுத்தவரிடம்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து அந்தக் கொப்பியை இருவரும் சேர்ந்து கூட்டிப் பாருங்கள். நிலாவெளி வேலைக்கு அப்படியொரு கொப்பி இருந்திருந்தால், கூடுதலாக இழுபட்ட மூன்று மாதமும் எங்கே போனது என்று தேடத் தேவை வந்திராது. கூட்டிப் பார்த்த பிறகும் இந்தப் படிப்பு வேண்டாம் என்று தோன்றினால் திரும்ப எழுதுங்கள், அவளையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.