கேள்வி நேரம்: பேபி போர்வையில கேபிள் பின்னல்

கேள்வி: அக்கா, தங்கச்சிக்கு குழந்தை பிறக்கப்போகுது, அதுக்காக ஜடை மாதிரி கேபிள் வர்ற போர்வைய குரோஷால போட ஆரம்பிச்சேன். அடியில 80 செமீ இருந்துச்சு, நாலு முறுக்கு வந்ததும் அளந்தா 66 தான் இருக்கு, அடிப்பக்கம் பாவாடை கொசுவம் மாதிரி விரிஞ்சு நிக்குது. எண்ணிப்பார்த்தா சில வரிசைல ஸ்டிச் வேற கூட வருது. பிரிச்சிடவா?

பதில்: பிரிச்சிடுங்கம்மா. மனசு வராதுதான், ஆனா நாலு முறுக்குல பிரிக்கிறது லேசு, பாதி போர்வைல பிரிச்சா அழுகையே வந்துடும். அகலம் குறைஞ்சது உங்க தப்பே இல்ல, கேபிளோட குணமே அதுதான், ஒரு கால், அதாவது ஸ்டிச்சோட தண்டு, இன்னொரு கால் மேல ஏறி குறுக்க போறப்ப அந்த இடத்துல துணி உள்ள வாங்கிக்கும். அதனால முதல்ல ரெண்டு கேபிளும் நடுவுல கொஞ்சம் ப்ளைனும் வர்ற மாதிரி ஒரு சாம்பிள் போட்டு, துவைச்சு காயவெச்சு அளந்துட்டு அப்புறமா அடியில ஆரம்பிக்கிற செயின் எண்ணிக்கைய முடிவு பண்ணுங்க. அடி பார்டரை கம்மி ஸ்டிச்ல ஆரம்பிச்சு, கேபிள் தொடங்குற வரிசைல ஒவ்வொரு கேபிளுக்குக் கீழயும் ஒண்ணு ரெண்டு கூட்டிக்கோங்க, மேல முடிக்கிறப்ப அதே அளவு குறைச்சிடுங்க, கொசுவம் விழாது.

ஸ்டிச் கூடுறதுக்கு காரணம் அனேகமா இதுவாத்தான் இருக்கும். கேபிள் கால் போடறப்ப ஹூக் ஸ்டிச்சோட தலைல குத்தறதில்ல, ரெண்டு வரிசை கீழ இருக்கிற காலை முன்பக்கமா சுத்திப் பிடிச்சு வருது, அதான் ஃப்ரன்ட் போஸ்ட். அப்ப அதுக்கு நேர் பின்னாடி ப்ளைன் வரிசைல ஒரு ஸ்டிச் சும்மா நிக்கும் பாருங்க, அதை விட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும், அதுலயும் ஒண்ணு போட்டா எண்ணிக்கை ஏறிடும். நாலு கால் கேபிள்னா முதல் ரெண்டை விட்டுட்டு 3, 4 போட்டு, திரும்பி வந்து இப்ப போட்ட ரெண்டுக்கும் முன்னாடி வழியா 1, 2 போடணும். இந்த நாலுக்கும் நூலை ரெண்டு தடவை ஹூக்குல சுத்திட்டுப் போடுங்க, குறுக்க போற கால் கொஞ்சம் நீளமா இருந்தாத்தான் இழுத்துப் பிடிக்காது. முறுக்கை எப்பவும் நல்ல பக்கத்துல, அதாவது வெளிய தெரியற பக்கத்துல மட்டும், நாலு வரிசைக்கு ஒரு தடவை போட்டா அழகா இருக்கும்.

இன்னொண்ணு, பேட்டர்ன் அமெரிக்கா முறையா பிரிட்டிஷ் முறையான்னு பார்த்துட்டீங்களா? அமெரிக்கால டபுள் குரோஷேன்னு சொல்ற ஸ்டிச்சுக்கு பிரிட்டிஷ்ல ட்ரெபிள்னு பேரு, இதை மாத்திப் போட்டா உயரமே தப்பாயிடும்.

கேள்வி: எந்த நூல் நல்லது? குழந்தை தூங்கறப்ப போத்தலாமா?

பதில்: வெளிர் நிறத்துல, ஒரே கலர்ல, நல்லா முறுக்கேறின காட்டனோ சாஃப்ட் அக்ரிலிக்கோ எடுங்க. பல கலர் கலந்த நூல்ல கேபிள் கண்ணுக்கே தெரியாது, நாள் முழுக்க போட்டதெல்லாம் வீணாப் போயிடும். முடி உதிர்ற நூல் வேண்டவே வேண்டாம், குழந்தை வாய்ல மூக்குல போயிடும். ப்ளைன் போர்வையவிட நூல் நிறைய இழுக்கும், அதனால ஒரே டை லாட்ல, அதாவது ஒரே தடவைல சாயம் போட்டதுல, ரெண்டு பந்து கூடவே வாங்கி வெச்சுக்கோங்க.

தூங்கறப்ப மட்டும் வேண்டாம்மா. ஒரு வயசு வரைக்கும் தூங்கற இடத்துல போர்வை, தலகாணி எதுவும் தளர்வா கிடக்கக்கூடாதுன்னுதான் குழந்தை டாக்டருங்க சொல்றாங்க, முகத்தை மூடிட்டா அதுக்கு விலக்கத் தெரியாது. பெரியவங்க யாராவது கூடவே இருக்கறப்ப தரைல விரிச்சு குப்புற விளையாட விடலாம். ஓரத்துல குஞ்சம் கட்டாதீங்க, பின்பக்கம் நூல் நுனிய ரெண்டு திசையில மாத்தி மாத்தி கோத்து வெட்டிடுங்க, தொங்கற வளையத்துல பிஞ்சு விரல் மாட்டிக்கும்.