கௌபி பிரவுனி அம்மாவுக்கு ஆகுமா?

கேள்வி: அம்மாவுக்குச் சீனி வருத்தம். மகன் பாலும் முட்டையும் வேண்டாம் என்று நிற்கிறான். கோதுமை மா இல்லாமல் கருப்பு பீன்ஸ் போட்டுச் செய்யும் பிரவுனி இருவருக்கும் நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இங்கே கருப்பு பீன்ஸ் கிடைக்காததால் கௌபியை ஊறவைத்து, கொஞ்சம் அவித்து, அரைத்துப் போட்டேன். நடுப்பகுதி பிசுபிசுவென்று இருந்தது, பச்சை வாடையும் அடித்தது. கௌபி சரிவராதா? சிவப்பு பீன்ஸ் வாங்கிப் பார்க்கவா? அம்மாவுக்கு எத்தனை துண்டு கொடுக்கலாம்? இதைச் செய்து விற்கலாம் என்று ஒருநாள் பயிற்சிக்கும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
களுவாஞ்சிக்குடி வாசகி

பதில்: கௌபி தாராளமாகச் சரிவரும். உங்கள் பிரவுனியைக் கெடுத்தது கௌபி அல்ல, அதற்குள் நின்ற தண்ணீர். அதைப் பிறகு சொல்கிறேன். அம்மாவின் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது அதைத்தான்.

கோதுமை மாவை எடுத்துவிட்டால் பிரவுனி சீனி வருத்தக்காரருக்கு ஏற்றதாகிவிடும் என்று நம்பாதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு தட்டுப் பிரவுனிக்கு 120 கிராம் அளவு கோதுமை மா போடுவார்கள். அதில் மாச்சத்து 90 கிராம். மாவுக்குப் பதிலாக அவித்த கௌபி 250 கிராம் போட்டால் அதில் 50 கிராம் மாச்சத்து வரும். இறுகுவதற்கென்று ஓட்ஸ் 40 கிராம் சேர்ப்பீர்கள், அதில் இன்னொரு 27. கூட்டினால் 77. முழுத் தட்டுக்கும் குறைந்தது 13 கிராம்தான். அந்தத் தட்டிலேயே சீனி 200 கிராம் கிடக்கிறது! அதை யாரும் தொடவில்லை. மாவை மாற்றியதைப் பெரிதாகச் சொல்லி, சீனியை அப்படியே கொட்டிவிட்டு, கீழே ‘ஆரோக்கியமானது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

கௌபியால் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 120 கிராம் கோதுமை மாவில் நார்ச்சத்து 3 கிராம் இருந்தால், 250 கிராம் அவித்த கௌபியில் 16 கிராம் இருக்கிறது. புரதமும் கூட. நார்ச்சத்து கூடினால் சாப்பாடு மெதுவாகச் செரிக்கும், இரத்தத்தில் சீனி ஏறுவதும் நிதானமாகும், வயிறும் சீக்கிரம் நிறையும். இந்த நன்மை அம்மாவுக்குக் கிடைக்க வேண்டுமானால் சீனியையும் பாதியாக்க வேண்டும். 200 கிராமை 100 ஆக்குங்கள். கொக்கோ நல்லதாக இருந்தால் ருசிக்கு அது போதும்.

இங்கேதான் அடுத்த ஏமாற்று தொடங்குகிறது. சீனியைக் குறையுங்கள் என்றால், ‘சீனி சேர்க்காத பிரவுனி’ என்று பேரீச்சம்பழத்தை அரைத்து ஊற்றுகிறார்கள். காத்தான்குடிப் பக்கம் பேரீச்சம்பழத்துக்குப் பஞ்சமில்லை, நல்ல பழம், நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீனிச்சத்து. 200 கிராம் பழம் போட்டால் 130 கிராம் சீனி போட்ட கணக்கு. பழத்தில் இருந்து வந்தது என்பதற்காக அது கணக்கில் இருந்து ஓடிவிடாது. தேன், சக்கரை, பழுப்புச் சீனி எல்லாம் இதே கதைதான்.

கித்துள் பாணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சலரோகக்காரர் பயமில்லாமல் குடிக்கலாம் என்று சொல்லியே அதை விற்கிறார்கள். சுத்தமான பாணியிலேயே சீனிச்சத்துத்தான் பெரும்பங்கு. மலைநாட்டில் இருந்து நம் பக்கம் வந்து சேர்வதற்குள் அது எத்தனை கை மாறுகிறது, எந்தக் கையில் சீனிப்பாகு கலக்கிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. லேபல் இல்லாத பழைய போத்தலில், அரைவிலைக்கு, ‘தெரிந்த ஆளிடம் எடுத்தது’ என்று ஒருவர் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அந்தப் போத்தலை நம்பி மாத்திரையைக் குறைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கொக்கோத் தூளிலும் இதே வேலை நடக்கிறது. பெரிய பொதியாக எடுத்து, நூறு நூறு கிராமாகப் பொலித்தீன் பையில் கட்டி விற்கிறார்கள். பையில் பெயர் இல்லை, திகதி இல்லை, என்ன கலந்தது என்றும் இல்லை. இனிப்புச் சேர்த்த குடிக்கும் சொக்கலேட் தூளைக் கொக்கோவோடு கலந்து எடை ஏற்றினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்றுதான். ஒரு சிட்டிகை நாக்கில் வையுங்கள். சுத்தமான கொக்கோ கசக்கும். கொஞ்சமும் இனிக்காது. இனித்தால் திருப்பிக் கொடுங்கள். சீல் வைத்த பக்கெற்றை வாங்கி, சேர்மானத்தில் கொக்கோ மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. மகனுக்காகவும் இதைப் பார்க்க வேண்டும். சொக்கலேட் துண்டு, குடிக்கும் சொக்கலேட், சில மாஜரின் இவற்றில் பால்மா ஒளிந்திருக்கும். ‘முட்டை இல்லாதது’ என்று எழுதியிருந்தால் பாலும் இல்லை என்று அர்த்தமல்ல.

லேபலை வாசியுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். லேபலோ எறும்பு எழுத்தில், பாதி இடத்தில் தமிழே இல்லாமல், அதற்கும் மேலே விலை ஸ்ரிக்கர் ஒட்டி வருகிறது. கல்முனையில் கடை கடையாக ஏறி இறங்கும் ஒரு தாய்க்கு அது என்ன பயன்? திகதியை மறைத்து ஸ்ரிக்கர் ஒட்டிய சாமானைக் கண்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இணைப்புக் கிடைக்கத் தாமதமாகலாம். விடாதீர்கள், இலக்கம் நமக்காகத்தான் இருக்கிறது.

இனி, எத்தனை துண்டு. கீழே சொல்லும் அளவில் 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் செய்து 16 துண்டாக வெட்டினால், வாழைப்பழத்திலும் கொக்கோவிலும் இருப்பதையும் சேர்த்து ஒரு துண்டில் மாச்சத்தும் சீனியும் 14 கிராம் அளவில் வரும். அது கோப்பையில் மூன்றிலொரு பங்கு சோற்றுக்குச் சமம். ஆகவே அம்மாவுக்கு ஒரு துண்டு. தினமும் வேண்டாம். கொடுக்கும் நாளில் அந்த அளவு சோற்றையோ பின்னேரத் தேத்தண்ணீரோடு கடிக்கும் பிஸ்கட்டையோ குறையுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிட முன்னும், சாப்பிட்டு 2 மணித்தியாலம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று தடவை எழுதினால் அவருடைய உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கிளினிக்கில் யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். விடியற்காலையில் போய் இலக்கம் எடுத்து, மத்தியானம் வரை வாங்கில் இருந்த மனுசிக்குக் கடைசியில் கிடைப்பது ‘சீனிச் சாமான் தொடாதீங்க’ என்ற ஒரு வசனமும் ஒரு மாத மாத்திரையும். தொடாதே என்றால் யார் தொடாமல் இருக்கிறார்கள்? எவ்வளவு, எதற்குப் பதிலாக என்று சொல்ல ஆள் இல்லாததால்தான் அந்த இடத்தில் பாணி விற்பவர் வந்து குந்திக்கொள்கிறார்.

சரி, சமையலுக்கு வருவோம். காய்ந்த கௌபி 110 கிராம் எடுத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்தினால் மசிய வேண்டும், அதுவரை அவியட்டும். நீங்கள் ‘கொஞ்சம் அவித்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சை வாடை அதனால்தான். அவியாத தானியத்தை அரைக்கும்போது அதில் உள்ள நொதியம் கிளம்பி அந்த வாடையை உண்டாக்கும். நன்றாக அவிந்தால் அது செத்துவிடும். அவித்ததை வடிதட்டில் போட்டு, பிறகு துணியில் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை விடுங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டினால் மற்றது எதுவும் உதவாது. கௌபிக்குள் நிற்கும் தண்ணீர்தான் நடுவில் பிசுபிசுக்கிறது.

ஆறியதும் தேங்காய் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று, சீனி 100 கிராம், வனிலா, ஒரு தேக்கரண்டி கோப்பித் தூள், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் கிரைண்டரில் துளித் தோலும் தெரியாமல் அரையுங்கள். முட்டை செய்யும் பிடிமானத்தைப் பழம் செய்யும். ஆளி விதை தேடி அலையத் தேவையில்லை. கடைசியில் கொக்கோ 40 கிராம், தூளாக்கிய ஓட்ஸ் 40 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். கலவை ஊற்றும் பதத்தில் இருக்கக் கூடாது, கரண்டியால் தள்ளிப் பரப்பும் பதத்தில் இருக்க வேண்டும். ஓவனில் 180 பாகை செல்சியஸ், 25 முதல் 30 நிமிடம். எடுத்தவுடன் வெட்டாதீர்கள். மா போட்ட கேக் ஓவனுக்குள்ளேயே இறுகும். கௌபி ஆறும்போதுதான் இறுகும். முழுதாக ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலமாவது ஃப்ரிட்ஜில் வைத்து வெட்டுங்கள்.

சிவப்பு பீன்ஸ் பற்றிக் கேட்டீர்கள். இதைக் கவனமாக வாசியுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கௌபி நம்முடைய பயற்றங்காயின் இனம். பயறும் உழுந்தும் அதற்கு நெருங்கிய சொந்தம். கிட்னி பீன்ஸ் என்று விற்கும் சிவப்பு பீன்ஸும், வீடியோவில் வரும் கருப்பு பீன்ஸும் போஞ்சியின் இனம். அந்தக் காய்ந்த விதையில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது, சிவப்பில் மிக அதிகம். அவியாத நாலைந்து விதை வயிற்றுக்குள் போனாலே போதும், ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் கடும் சத்தி, பிறகு வயிற்றோட்டம். வயதான சலரோகக்காரருக்கு அப்படிச் சத்தி எடுத்தால் அது சின்ன விஷயமல்ல.

நம் பெண்களுக்கு இதில் ஆபத்து ஏன் கூட என்றால், நாம் உழுந்தை ஊறவைத்துப் பச்சையாக அரைத்துப் பழகியவர்கள். வடைக்கும் தோசைக்கும் அது சரி. அதே பழக்கத்தில் சிவப்பு பீன்ஸை ஊறவைத்து அரைத்து, ‘எப்படியும் ஓவனில் வேகத்தானே போகிறது’ என்று விட்டுவிடுவோம். வேகாது. ஓவன் 180 பாகையில் இருந்தாலும் ஈரமான பிரவுனியின் நடுப்பகுதி 100 பாகையைக் கூடத் தொடுவதில்லை, இருப்பதும் அரை மணித்தியாலம்தான். அரைச்சூட்டில் மெதுவாக வேகவைப்பது அதைவிட மோசம். 80 பாகைக்குக் கீழே கிடந்தால் நச்சு குறைவதற்குப் பதிலாகக் கூடக்கூடும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரச் சட்டியில் இதை வைக்கவே கூடாது.

சிவப்பு பீன்ஸ்தான் வேண்டும் என்றால், குறைந்தது 5 மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதி குறையாமல் 30 நிமிடம் கொதிக்க விடுங்கள். அதற்குப் பிறகும் மசியும்வரை அவியுங்கள். கருப்பு பீன்ஸ் எங்கேயாவது கிடைத்தாலும் இதே முறைதான். ரின்னில் வருவது ஏற்கனவே அவித்தது, உப்புத் தண்ணீரைக் கழுவிவிட்டு அரைக்கலாம். ஆனால் எதற்கு இந்தப் பாடு? கௌபியும் கடலையும் பயறும் சந்தையில் இருக்கும்போது இறக்குமதி ரின்னுக்குக் காசைக் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

விற்பனை பற்றி. ஒருநாள் பயிற்சி, பெயர் போட்ட சான்றிதழ், போதாக்குறைக்குச் ‘சாமான் பொதி’ கட்டாயம் என்கிறார்களா? அந்தப் பொதியில் என்ன இருக்கிறது, கடையில் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். சொல்லிக் கொடுப்பதைவிடப் பொதி விற்பதில்தான் அவர்களுக்கு வருமானம். கௌபிப் பிரவுனி 15 நாள் வெளியே இருக்கும் என்று சொல்லும் பயிற்சியாளரிடம் போகவே வேண்டாம். இது ஈரம் கூடிய பண்டம். நம் மட்டக்களப்பு வெக்கையில் ஒரு நாளைக்கு மேல் வெளியே வைக்க முடியாது, ஃப்ரிட்ஜில் 3 அல்லது 4 நாள். ஆகவே சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் அன்றன்றைக்குச் செய்து கொடுங்கள். பெட்டியில் செய்த திகதியையும் போட்ட சீனியின் அளவையும் தமிழில் பெரிதாக எழுதுங்கள். ‘சலரோகத்துக்கு ஏற்றது’ என்று மட்டும் எழுதாதீர்கள், யார் சொல்லச் சொன்னாலும். தொடங்க முன் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பயிற்சிக்குக் கட்ட வைத்திருக்கும் காசில் ஒரு சமையல் தராசு வாங்குங்கள். நான் மேலே தந்த கணக்கு முழுக்கக் கிராமில்தான், கோப்பையால் அளந்தால் அது பிழைத்துவிடும்.